பயன்படா நிரலும் பங்காளிக் கணக்கும்

அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பமிட்ட எழுத்து வடிவம்



மென்பொருள் பற்றிய உரைகள் பெரும்பாலும் புதிதாக எழுதப்படுவதைப் பற்றியே அமைகின்றன. எழுதிவைத்ததை எடுத்துவிடுவது பற்றி விரிவாகப் பேசுவோர் குறைவு. இவ்வுரையின் பொருள் அந்தக் குறைவான பக்கத்தைச் சேர்ந்தது. பல மென்பொருள்கள் ஒரே மூலநிரலைப் பகிர்ந்துகொண்டு இயங்கும்போது, அதில் இனி எவர்க்கும் வேண்டாததாகத் தோன்றும் பகுதியை யார், எந்தச் சான்றைக் கொண்டு, எந்த முறையில் நீக்கலாம் என்பதே இங்கு எடுத்துக்கொள்ளப்படும் வினா. ஒருவர் தமக்கெனத் தனியே எழுதிக்கொண்ட நிரலில் இவ்வினா எழுவதில்லை. தம் வீட்டுப் பரணை ஒழிப்பவர் எவரையும் கேட்க வேண்டியதில்லை. பங்காளிகள் இருவரின் வீடுகளுக்கு நடுவே நிற்கும் பொதுச்சுவரில் ஒருவர் தம் பக்கத்து மாடத்தை இடிக்க முற்படும்போதுதான், மறுபக்கத்தில் அதே இடத்தின் மேல் உத்தரம் ஊன்றியிருக்கிறதா என்று பார்க்க வேண்டியதாகிறது.

இவ்வுரை நிறுவ முற்படும் கருத்து ஒன்றே. ஒரு நிரல் பயன்படுகிறதா, பயன்படவில்லையா என்பது அந்நிரலை மட்டும் வைத்துச் சொல்லிவிடக்கூடிய இயல்பாக இல்லை. யார் யார் பயனாளராகக் கணக்கில் கொள்ளப்படுகின்றனர் என்பதற்கேற்ப அது மாறுகிறது. ஆகவே பொது நிரலில் நீக்கம் என்பது, துடைப்பத்தை எடுப்பதற்கு முன்பே, பங்காளிகளின் கணக்கை எழுதுவதிலிருந்து தொடங்குகிறது. இக்கருத்து ஒன்பது கூறுகளாகப் பிரித்து விளக்கப்படுகிறது. அவற்றுள் சில நீளமாகவும் சில மிகச் சுருக்கமாகவும் அமைந்திருப்பது பொருளின் கனத்தை ஒட்டியதே.

1. சொற்களும் வகைகளும்

மூலநிரல் என்பது மனிதர் எழுதவும் படிக்கவும் கூடிய வடிவிலுள்ள கட்டளைத் தொகுப்பு. அதைக் கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றித் தருவது கம்பைலர் எனும் தொகுப்பி. ஒரு நிறுவனமோ தன்னார்வலர் குழுவோ தன் மூலநிரலை அதன் மாற்ற வரலாற்றுடன் சேர்த்து வைக்கும் இடம் களஞ்சியம் எனப்படும். அவ்விடத்திலுள்ள நிரலின் மொத்தத்தை நிரலாளர் கோட்பேஸ் என்பர், இவ்வுரை நிரல்தொகுதி என்கிறது. பெயரிட்டு அழைக்கத்தக்க சிறு நிரல் துண்டு செயற்கூறு. பல மென்பொருள்கள் எடுத்தாள்வதற்கென ஒன்றுதிரட்டிய செயற்கூறுகளின் தொகுப்பு லைப்ரரி.

பயன்படா நிரல் என்று பொதுவாகச் சொல்லப்படுவதில் குறைந்தது மூன்று வகைகள் கலந்திருக்கின்றன. எந்த உள்ளீடு வந்தாலும் இயக்கம் சென்று சேரவே முடியாத வரிகள் முதல் வகை. சென்று சேர வழி இருந்தும் அழைப்பதற்கு எவரும் இல்லாத செயற்கூறுகள் இரண்டாம் வகை. அழைப்பவர் இருக்க, அந்த அழைப்பவரே எவர்க்கும் வேண்டாதவராகிப் போன வசதிகள் மூன்றாம் வகை. முதல் வகையில் தன்னால் கண்டுபிடிக்க முடிந்தவற்றைத் தொகுப்பியே இயந்திர வடிவிலிருந்து விலக்கிவிடும் என்பதால் கணினிக்கு அவற்றால் சுமை இல்லை. ஆயினும் மூலநிரலில் அவ்வரிகள் அப்படியே நிற்கின்றன. அதைப் படித்துப் பொருள் கொள்ள வேண்டியவர்க்குச் சுமை குறைவதில்லை. மற்ற இரண்டு வகைகளைப் பற்றித் தொகுப்பி பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. பங்காளித் தகராறுகள் எழுவது அங்குதான்.

நிரலாளர் இவை அனைத்தையும் டெட் கோட், அதாவது செத்த நிரல் என்று ஒரே பெயரால் சுட்டுவது வழக்கமாகிவிட்டது. அப்பெயர் பொருந்தாப் பெயர் என்றே கருத வேண்டியிருக்கிறது. செத்தது எழுவதில்லை, பயன்படா நிரலோ எழுந்திருக்கிறது, எழுந்து பெருங்கேடு விளைத்தும் இருக்கிறது. தூங்குகிறவரைச் செத்தவர் கணக்கில் எழுதியதன் விலை நான்காம் கூறில் விளக்கப்படும்.

2. கருவியின் எல்லை

ஒரு செயற்கூறு என்றேனும் இயங்குமா என்பதை எல்லா நிரல்களுக்கும் பிழையின்றிச் சொல்லும் கருவி இருக்க முடியாது. ஆலன் டூரிங் 1936இல் நிறுவிய முடிவும், ஹென்றி ரைஸ் 1953இல் வெளியிட்ட தேற்றமும் சேர்ந்து இதைக் கணித அளவில் உறுதிசெய்கின்றன: நிரலின் நடத்தை பற்றிய எளிதல்லாத எந்த வினாவுக்கும் எல்லா நிரல்களுக்கும் பொதுவான தீர்வுமுறை கிடையாது. நடைமுறையில் இதைவிடச் சாதாரணமான தடை ஒன்று உண்டு. பெரிய மென்பொருள்களில் ஒரு பகுதி மற்றொன்றை நேரே பெயர் சொல்லி அழைக்காமல், எழுத்துச்சரமாகச் சேமித்த பெயரைக் கொண்டு இயக்க நேரத்தில் தேடி அழைக்கிறது. அழைப்பவர் ஒரு மொழியிலும் அழைக்கப்படுவது வேறு மொழியிலும் இருக்கலாம். இந்நிலையில் கருவி தரும் பட்டியல் ஐயப்பட்டியலாகவே கொள்ளத்தக்கது.

3. ஒரு ராக்கெட்டுக்குத் தேவை, மற்றதற்கு இல்லை

பகிரப்பட்ட நிரலில் பயன்பாடு எத்தகைய உறவு என்பதற்கு 1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளத்தில் நிகழ்ந்த ஏரியான் 5 ராக்கெட்டின் முதற்பயணத் தோல்வி தெளிவான சான்று. ஏறத்தாழ 37 நொடிகளில் வழிகாட்டும் தகவலை முற்றிலும் இழந்த அந்த ராக்கெட், திசை முறுகிச் சிதைந்து, தான் சுமந்துசென்ற நான்கு கிளஸ்டர் ஆய்வுச் செயற்கைக்கோள்களுடன் அழிந்தது. கணிதவியலர் ஜாக்-லூயி லியோன்ஸ் தலைமையில் அமைந்த விசாரணைக் குழு, அவ்வாண்டு ஜூலை 19 அன்று அளித்த அறிக்கையில் காரணத்தை நுணுக்கமாக விளக்கியது. 64 பிட் அளவுள்ள மிதவைப் புள்ளி எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணாக மாற்றும்போது அது அடங்காமல் பிழை எழுந்தது என்பதே பெரும்பாலோர் நினைவில் நிற்கும் செய்தி. அப்பிழை எழுந்த நிரல் பகுதி அந்த நொடியில் எதற்காக ஓடிக்கொண்டிருந்தது என்பதே இவ்வுரைக்கு வேண்டிய செய்தி.

ராக்கெட்டின் நிலையையும் இயக்கத்தையும் அளந்து சொல்லும் கருவியின் மென்பொருள் ஏரியான் 4 ராக்கெட்டிலிருந்து ஏரியான் 5க்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. அதில் சீரமைவுப் பகுதி ஒன்று உண்டு. புறப்படுமுன் கருவியைத் திசைக்கு ஒத்திசைய வைப்பது அதன் வேலை, புறப்பட்ட பின் அதனால் விளையும் பயன் எதுவும் இல்லை. ஆயினும் ஏரியான் 4இல் அது புறப்பாட்டுக்குப் பின்னும் சிறிது நேரம் ஓடுமாறு வேண்டுமென்றே வைக்கப்பட்டிருந்தது. கடைசி நொடிகளில் எண்ணிக்கை நிறுத்தப்பட்டால், முக்கால் மணி நேரமோ அதற்கு மேலோ பிடிக்கும் மறுசீரமைவைத் தவிர்த்து விரைவில் மீண்டும் தொடங்குவதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. 1989இல் ஏரியான் வரிசையின் 33ஆம் பயணத்தில் அது பயன்பட்டும் இருக்கிறது. ஏரியான் 5இன் புறப்பாட்டு ஒழுங்கு வேறு என்பதால் அதற்கு அந்த ஏற்பாடு வேண்டியிருக்கவில்லை. ஏரியான் 4இல் நன்கு ஓடிய மென்பொருளைத் தேவையின்றித் தொடுவது அறிவுடைமை ஆகாது என்ற எண்ணத்தில், இரண்டுக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று அது விடப்பட்டதாகக் குழு கருதியது.

ஏரியான் 5இன் கிடைத்திசை வேகம் ஏரியான் 4இனதைப் போல ஐந்து மடங்கு விரைவில் பெருகியது. வேண்டாமல் ஓடிக்கொண்டிருந்த பகுதியில் ஒரு மதிப்பு எல்லை கடந்தது. மாற்று ஏற்பாடாக வைத்திருந்த இரண்டாம் கருவியும் அதே நிரலை ஓட்டியதால் அதே காரணத்தால் சற்று முன்னதாகவே நின்றுவிட்டிருந்தது. இங்கு நிரலின் ஒரு வரியும் மாறவில்லை, மாறியது பங்காளி. ஏரியான் 4இன் கணக்கில் பயனுள்ளதாக இருந்த பகுதி, ஏரியான் 5இன் கணக்கில் பயன்படா நிரல். பொதுவாக இருக்கட்டும் என்ற முடிவை எடுத்தவர்கள் கணக்கைத் திரும்ப எழுதாமல் பழைய பேரேட்டையே புதிய ஆண்டுக்கும் கொண்டுபோயினர் என்று சொல்லலாம். அவர்களை எள்ளுவது எளிது. ஓடுகிற நிரலைத் தொடாதே என்பது பட்டறிவு கற்பித்த விதியாதலால், அதைக் கைக்கொண்டோரைக் குறைகூறுவதில் நியாயம் குறைவு.

4. தூங்குகிறவர் எழுந்த நாள்

அமெரிக்கப் பங்குச் சந்தையில் இயங்கிய நைட் கேபிடல் நிறுவனம் 2012 ஆகஸ்ட் 1 அன்று 45 நிமிடங்களில் அடைந்த இழப்பு 46 கோடி டாலருக்கு மேல். அந்நாட்டின் பங்குச் சந்தை ஒழுங்காணையம் 2013 அக்டோபரில் பிறப்பித்த ஆணையில் நிகழ்ச்சி வரிசையாக எழுதப்பட்டுள்ளது. பெரிய ஆணைகளைச் சிறு ஆணைகளாகப் பிரித்துச் சந்தைக்கு அனுப்பும் நைட் நிறுவனத்தின் மென்பொருளில் பவர் பெக் என்றொரு வசதி இருந்தது. 2003இல் அதன் பயன்பாடு நிறுத்தப்பட்டது, நிரல் மட்டும் நீக்கப்படவில்லை. கேட்ட அளவு நிறைவேறிவிட்டதா என்று எண்ணிப் பார்த்து நிறுத்தும் பகுதி 2005இல் நிரலின் வேறோர் இடத்துக்கு நகர்த்தப்பட்டது. பயன்பாட்டில் இல்லாத பவர் பெக் அம்மாற்றத்துக்குப் பின்னும் சரியாக ஓடுமா என்று எவரும் சோதிக்கவில்லை. 2012இல் புதிய வசதி ஒன்று சேர்க்கப்பட்டபோது, முன்பு பவர் பெக்கை இயக்கிய கொடியே அதற்கும் எடுத்தாளப்பட்டது. கொடி என்பது இந்த வசதி வேண்டும், வேண்டாம் என்று காட்டும் இருநிலைக் குறி. புதிய நிரல் எட்டு வழங்கிகளில் ஏழில் மட்டுமே ஏற்றப்பட்டது. எட்டாவதில் அதே கொடி ஒன்பதாண்டு உறக்கத்திலிருந்த பவர் பெக்கை எழுப்பியது. எழுந்த அதற்கு நிறுத்தம் தெரியவில்லை. 212 ஆணைகளுக்காக 154 நிறுவனங்களின் பங்குகளில் 40 லட்சத்துக்கு மேற்பட்ட வணிகங்கள் நிகழ்ந்தன. குழப்பத்தில் புதிய நிரலை மற்ற ஏழு வழங்கிகளிலிருந்தும் எடுத்துவிட்டபோது, அவற்றிலும் பழைய வசதியே விழித்துக்கொண்டது.

பயன்படா நிரல் ஏன் அப்படியே விடப்படலாகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. சுற்றியுள்ள நிரல் மாறிக்கொண்டே இருக்கிறது. ஓடும் நிரல் சோதிக்கப்பட்டு அதற்கேற்பத் திருந்துகிறது, உறங்கும் நிரல் திருந்துவதில்லை. காலம் செல்லச் செல்ல அது தான் எழுதப்பட்ட ஊரிலேயே இல்லாத நிலைக்கு வந்துவிடுகிறது.

5. இரு மென்பொருள், ஒரு சுவர்

இப்பொருளுக்கு மிக நெருங்கிய எடுத்துக்காட்டு ஃபயர்ஃபாக்ஸ் உலாவியும் தண்டர்பேர்ட் மின்னஞ்சல் மென்பொருளும். நெட்ஸ்கேப் நிறுவனம் 1998 மார்ச் 31 அன்று தன் மூலநிரலை வெளியிட்டபோது உலாவலும் அஞ்சலும் ஒரே மென்பொருளின் இரு கைகளாக இருந்தன. மொசில்லா திட்டத்தில் அவை பிரிந்து, 2004 நவம்பர் 9இல் ஃபயர்ஃபாக்ஸ் 1.0 ஆகவும், டிசம்பர் 7இல் தண்டர்பேர்ட் 1.0 ஆகவும் வெளிவந்தன. பாகப்பிரிவினை பெயரளவில் முடிந்தது, நிரலளவில் முடியவில்லை. ஃபயர்ஃபாக்ஸும் பக்கங்களைக் காட்டும் கெக்கோ எந்திரமும் மொசில்லா-சென்ட்ரல் என்னும் களஞ்சியத்திலும், தண்டர்பேர்டுக்கே உரிய பகுதிகள் காம்-சென்ட்ரல் என்னும் களஞ்சியத்திலும் வைக்கப்பட்டன. தண்டர்பேர்டைக் கட்ட இரண்டும் வேண்டும். ஃபயர்ஃபாக்ஸைக் கட்ட முன்னது மட்டும் போதும்.

இந்த ஒருபக்கச் சார்பே சிக்கலின் வேர். மொசில்லா-சென்ட்ரலில் பணிபுரிபவர் ஒரு செயற்கூறை அழைப்பவர் யாருமில்லை என்று தேடிக் கண்டு, மனச்சான்றுடன் நீக்குகிறார். அவர் தேடியது தம் களஞ்சியத்தில். அழைப்பவர் அடுத்த களஞ்சியத்தில் இருக்கிறார். மறுநாள் காலையில் தண்டர்பேர்டின் கட்டமைப்பு முறிந்து கிடக்கிறது. தண்டர்பேர்ட் நிரலாளர் வழக்கில் அதற்கு பஸ்டேஜ் என்று பெயர். ஃபயர்ஃபாக்ஸ் பக்கத்தில் நிகழ்ந்த மாற்றத்துக்கு இணையான மாற்றத்தைத் தங்கள் பக்கத்தில் செய்வதைப் போர்ட் செய்தல் என்பர். சர்ச்ஃபாக்ஸ் என்னும் நிரல்தேடு கருவியில் இரு களஞ்சியங்களையும் சேர்த்துப் பார்க்கும் வழி உண்டு. ஆனால் வழி இருப்பது ஒன்று, அதைப் பார்க்கும் கடமை இருப்பது வேறு.

நீக்கம் எப்போதும் முறிவில் முடிவதில்லை என்பதற்கு மோர்க் கோப்பு வடிவத்தின் கதை சான்று. நெட்ஸ்கேப் காலத்தில் உருவான அவ்வடிவில் உலாவியின் வரலாறும் சேமிக்கப்பட்டது, அஞ்சல் கோப்புறைகளின் சுருக்கப் பட்டியலும் முகவரி ஏடும் சேமிக்கப்பட்டன. 2008 ஜூனில் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 3, வரலாற்றையும் புத்தகக்குறிகளையும் எஸ்கியூலைட் தரவுத்தளத்துக்கு மாற்றிக்கொண்டது. அத்துடன் மோர்க் உலாவிக்கு வேண்டாததாயிற்று, அஞ்சலுக்கு மட்டும் வேண்டியதாயிற்று. பின்னர் அந்நிரல் அழிக்கப்படாமல் காம்-சென்ட்ரலுக்கு இடம் பெயர்ந்தது. பொதுச் சொத்தாக இருந்தது தனிச் சொத்தானது. பராமரிப்புச் செலவும் உரியவர் கைக்கே போனது. 2020இல் வந்த தண்டர்பேர்ட் 78இல்தான் முகவரி ஏடு மோர்க்கை விட்டு எஸ்கியூலைட்டுக்கு வந்தது. நீக்கத்துக்கும் வைத்திருப்பதற்கும் இடையே இடமாற்றம் என்றொரு வழி உண்டு என்பதை இவ்வுரை சிறப்பாகக் குறித்துக்கொள்கிறது. பெரும்பாலான தகராறுகளில் எவரும் முதலில் நினைக்காத வழி அது.

எல்லாவற்றையும் அவ்வாறு பெயர்த்துவிடவும் இயலாது. பழைய பாணி நீட்சிகளுக்கான ஆதரவை ஃபயர்ஃபாக்ஸ் 2017 நவம்பர் 14 அன்று வெளியான 57ஆம் பதிப்பில் கைவிட்டது. நீட்சி என்பது பயனர் தாமே சேர்த்துக்கொள்ளும் கூடுதல் வசதி. கைவிட்டவுடன் அவற்றைத் தாங்கி நின்ற அடித்தள நிரல்கள் ஒவ்வொன்றாக உலாவியின் பார்வையில் பயன்படா நிரலாகின. தண்டர்பேர்டோ தன் பழைய நீட்சிகளை மேலும் சில ஆண்டுகள் சுமந்து, 78ஆம் பதிப்பில்தான் இறக்கிவைத்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அங்கிருந்தோரின் உழைப்பில் பெரும்பகுதி புதிய வசதி செய்வதில் செல்லாமல், அடியில் உருவப்படும் கற்களுக்கு மாற்றாக முட்டுக்கொடுப்பதில் சென்றது.

மொசில்லாவின் தலைவர் மிட்செல் பேக்கர் 2015 இறுதியில் இதை வெளிப்படையாகவே எழுதினார்: தண்டர்பேர்ட் நிரலாளர் மைய நிரலின் மாற்றங்களுக்கு ஈடுகொடுப்பதிலேயே காலத்தைச் செலவிடுகின்றனர், மறுபக்கத்தில் ஃபயர்ஃபாக்ஸ் பொறியாளர் தண்டர்பேர்டைத் தாங்குவதற்கு ஒரு வகை வரி செலுத்துகின்றனர், ஆகவே இரண்டையும் பிரிப்பதே இருவர்க்கும் நல்லது என்பது அவர் கருத்து. 2020 ஜனவரியில் தண்டர்பேர்ட் எம்இசட்எல்ஏ டெக்னாலஜீஸ் என்னும் தனி நிறுவனத்தின் கீழ் வந்தது. வீட்டு எண் மாறியது. சுவர் இன்றும் பொதுவாகவே நிற்கிறது, தண்டர்பேர்ட் இப்போதும் ஃபயர்ஃபாக்ஸின் மூலநிரல் மேல்தான் கட்டப்படுகிறது.

6. ஒரே வீட்டில் இரு கணக்கு

யாரைப் பயனாளராக எண்ணுவது என்பதை எழுதாத விதியாக விடாமல் வெளிப்படையாக வகுத்துக்கொண்ட திட்டம் லினக்ஸ். அதன் மையமான கெர்னல், வன்பொருளுக்கும் மற்ற மென்பொருள்களுக்கும் நடுவே நின்று இரண்டையும் இணைக்கும் கருநிரல். உள்முகமாக, கெர்னலின் ஒரு பகுதி மற்றொரு பகுதிக்கு வழங்கும் செயற்கூறுகளைப் பொறுத்தவரை, களஞ்சியத்துக்குள் இருப்பவர் மட்டுமே பயனாளர். வெளியே எழுதிவைத்த வன்பொருள் இயக்கி ஒன்று அச்செயற்கூறை நம்பியிருந்தாலும் அது கணக்கில் வராது. உள்ளே அழைப்பவர் இல்லையெனில் செயற்கூறு நீக்கப்படும். வெளிமுகமாக, பயனரின் மென்பொருள்கள் கெர்னலிடம் வேண்டும் சேவைகளைப் பொறுத்தவரை, கணக்கு தலைகீழ். அங்கே கண்ணுக்குத் தெரியாத பயனாளரும் பயனாளரே; எங்கோ ஒரு மூலையில் ஓடும் பழைய மென்பொருள் முறிந்தால், மாற்றத்தைத் திரும்பப் பெறுவதே வழக்கம்.

ஒரே நிரல்தொகுதியில் இப்படி இரு கணக்கு வைப்பது முரணாகத் தோன்றலாம். உண்மையில் இது பொறுப்பைப் பகிரும் நேர்மையான முறை. இயக்கியை எழுதுபவர் அதைக் களஞ்சியத்துக்குள் கொண்டுவந்து பங்காளியாகும் வாய்ப்பு உண்டு. சாதாரணப் பயனர்க்கு அவ்வாய்ப்பு இல்லை. பங்காளியாகும் வாய்ப்பிருந்தும் ஆகாதவரைக் கணக்கில் சேர்க்காமலும், வாய்ப்பே இல்லாதவரைச் சேர்த்தும் இவ்விதி அமைந்திருக்கிறது. வெளியே நிற்பதற்கு வணிகக் காரணமோ உரிமக் காரணமோ உடைய நிறுவனங்கள் இதைக் கடுமை என்பதுண்டு. அவர்கள் குறையிலும் சிறிது நியாயம் உண்டு என்பதைச் சொல்லாமல் விடலாகாது.

7. எண்ணும் இயந்திரம்

கூகுள் நிறுவனம் தன் நிரலில் பெரும்பங்கை ஒரே களஞ்சியத்தில் வைத்திருக்கிறது. 2015 ஜனவரிக் கணக்கில் அதில் 90 லட்சம் மூலக் கோப்புகளில் ஏறத்தாழ 200 கோடி வரிகள் இருந்தன. அவ்வளவு நிரலில் பங்காளிகளை மனிதர் எண்ணுவது நடவாதது. ஜெர்மன் மொழியில் அரிவாளேந்திய காலனைக் குறிக்கும் சென்சன்மன் என்ற பெயரில் அங்கு உருவான கருவியைப் பற்றிய விவரம் 2023இல் வெளியிடப்பட்டது. எந்த நிரல் எதைச் சார்ந்திருக்கிறது என்ற வரைபடத்தையும், எந்த மென்பொருள் அண்மையில் ஓடியது என்ற பதிவையும் சேர்த்துப் பார்த்து, எதற்கும் வேண்டாத பகுதியை நீக்கும் மாற்றத்தை அதுவே எழுதி உரியவரின் ஒப்புதலுக்கு அனுப்புகிறது. வாரத்துக்கு 1,000க்கு மேற்பட்ட நீக்கங்கள் அதனால் நிகழ்ந்தன, நிறுவனத்தின் சி++ நிரலில் ஏறத்தாழ 5 விழுக்காடு அகற்றப்பட்டது என்பது அவ்வெளியீட்டின் செய்தி.

அதில் இவ்வுரைக்கு முதன்மையாக வேண்டியது ஒரு நுட்பமான சிக்கல். ஒவ்வொரு லைப்ரரிக்கும் சோதனை நிரல் உண்டு. சோதனை நிரல் லைப்ரரியை அழைக்கிறது, நாள்தோறும் ஓடவும் செய்கிறது. அதைப் பயனாளராக எண்ணினால் உலகில் எந்த லைப்ரரியும் பயன்படா நிரல் ஆகாது. எண்ணாமல் விட்டு லைப்ரரியை மட்டும் நீக்கினால் சோதனை முறிகிறது. லைப்ரரி இருப்பதால் சோதனையும், சோதனை இருப்பதால் லைப்ரரியும் என்று ஒன்றையொன்று தாங்கி நிற்கும் இவ்வட்டத்தை, 1972இல் ராபர்ட் டார்ஜன் வகுத்த வரைபட வழிமுறையால் ஒரே கூறாகக் கட்டி, சேர்த்தே வைப்பது அல்லது சேர்த்தே நீக்குவது என்ற முடிவுக்கு அவர்கள் வந்தனர். தனக்குத்தானே சாட்சி சொல்லும் நிரலின் சாட்சியம் செல்லாது என்பதே இதன் பொருள்.

இயந்திரத்தின் கணக்கும் முழுமையானதன்று. ஓட்டப் பதிவு எட்டாத இடத்தில் இயங்கும் மென்பொருள்களும், ஒரு வசதியை எப்படிக் கையாள்வது என்று காட்டுவதற்காகவே எழுதப்பட்ட எடுத்துக்காட்டு நிரல்களும் அதன் கண்ணுக்குப் பயனற்றவையாகத் தெரியும். அதனால்தான் ஒப்புதல் மனிதர் கையில் விடப்பட்டது; நீக்கக் கூடாதவற்றுக்கு விலக்குப் பட்டியலும் வேண்டியதாயிற்று.

8. பங்காளிகளைக் குறைத்தல்

கணக்கு எழுதவே முடியாத அளவுக்குப் பங்காளிகள் பெருகிவிட்டால் மற்றொரு வழி எஞ்சுகிறது. அது கணக்குப் புத்தகத்தையே புதிதாகத் தொடங்குவது. இணையத்தின் மறையாக்கத்துக்கு அடித்தளமான ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரியில் 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்னும் ஓட்டை வெளிப்பட்டது. பெரும்பாலோர் பயன்படுத்தாத, ஆயினும் இயல்பாகவே திறந்துவைக்கப்பட்டிருந்த ஒரு வசதியில் இருந்த பிழை அது. அம்மாதமே ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளக் குழுவினர் அந்நிரலைத் தனிக்கிளையாகப் பிரித்து லிப்ரெஎஸ்எஸ்எல் எனப் பெயரிட்டு, முதல் வாரத்திலேயே சி மொழியில் சுமார் 90,000 வரிகளை நீக்கினர். பழைய மேக், ஓஎஸ்/2, 16 பிட் விண்டோஸ் முதலிய அமைப்புகளுக்கான நிரல்கள் போயின. அத்துணை விரைவு கைகூடியதற்குக் காரணம் கருவியன்று. தங்கள் பங்காளிகள் இன்னார் மட்டுமே என்று அவர்கள் முதல் நாளே அறிவித்துவிட்டதே காரணம். பழைய வீட்டில் இருந்தவர்க்கு அந்த உரிமை இருந்திருக்காது.

9. நீக்கும் முறை

முறை பற்றிச் சொல்ல வேண்டியது குறைவே. நீக்கம் தனி மாற்றமாக இருக்க வேண்டும், புதிய வசதியோடு கலந்து வரலாகாது. கலந்துவந்தால் தேவைப்படும்போது அதை மட்டும் திரும்பப் பெற இயலாது. நீக்கும் முன் அறிவிப்பும், அறிவிப்புக்கும் நீக்கத்துக்கும் இடையே பங்காளிகள் வாய் திறப்பதற்குப் போதிய காலமும் வேண்டும். நீக்கப்பட்ட பகுதியின் கொடிகளும் குறியெண்களும் உடனே வேறு வேலைக்கு எடுக்கப்படலாகாது. அதன் விலை மேலே சொல்லப்பட்டது. பிறகு வேண்டியிருக்குமே என்று வரிகளைக் குறிப்புரையாக்கி அங்கேயே விட்டுவைக்கும் பழக்கம், களஞ்சியத்தின் வரலாறு எல்லாவற்றையும் வைத்திருக்கும் இக்காலத்தில், பூட்டிய பெட்டகத்தை வைத்துக்கொண்டு நகையைத் திண்ணையில் போடுவதற்கு ஒப்பானது.

நீக்கம் மீளக்கூடியது என்பதை நடைமுறையில் காட்டியதும் லினக்ஸே. 2018 ஜூனில் வந்த அதன் 4.17 பதிப்பில், புதிய வன்பொருளில் இனி எவரும் கையாளாத எட்டுச் செயலி வகைகளுக்கான நிரல், ஏறத்தாழ ஐந்து லட்சம் வரிகள், ஒருங்கே நீக்கப்பட்டது. பெரிய எதிர்ப்பு எழவில்லை. ஜப்பானின் ஹிட்டாச்சி வடிவமைத்த எச்8/300 என்னும் நுண்கட்டுப்படுத்திக்கான நிரலின் வரலாறு அவ்வளவு நேரானதாக இல்லை. பராமரிப்பவர் இன்மையால் 2014 ஜனவரியில் வந்த 3.13 பதிப்பில் அது நீக்கப்பட்டது. பராமரிக்க முன்வந்தவர் இருந்ததால் 2015 ஆகஸ்டில் வந்த 4.2 பதிப்பில் அது மீண்டும் இடம்பெற்றது. பிறகு அக்கவனிப்பும் நின்றுபோகவே, 2022 ஜூலையில் வந்த 5.19 பதிப்பில் இரண்டாம் முறையாக வெளியேறியது. அந்த ஏழாண்டுக் கால நிரலும் அதற்கு முந்திய நிரலும் கெர்னலின் களஞ்சிய வரலாற்றில் இன்றும் வரி மாறாமல் இருக்கின்றன. பராமரிப்பவர் பெயர் எழுதும் இடம் மட்டும் காலியாக இருக்கிறது.